முன்சீப் படியா, வக்கீல் படியா?

நாகர்கோவில் கோர்ட் பக்கம் டீக்கடையில் கேட்ட விவாதம்: மனித உரிமை ஆணையத்துக்கு எந்த வழியில் வந்த நீதிபதி நல்லது? வக்கீலாக இருந்து நேராக உயர் நீதிமன்றம் போனவரா, முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் சிவில் நீதிபதியாகத் தொடங்கிப் படிப்படியாக ஏறியவரா?

1993-இல் அமைந்த முதல் தேசிய ஆணையத்திலேயே இரண்டு மாதிரியும் உண்டு. தலைவர் ரங்கநாத் மிஸ்ரா 1950 முதல் கட்டக்கில் வக்கீல். 1969-இல் நேராக ஒரிசா உயர் நீதிமன்ற நீதிபதி. பிறகு இந்தியத் தலைமை நீதிபதி. பெரிய சட்டக் கேள்விகளில் பழகிய கை.

உறுப்பினர் பாத்திமா பீவி நமக்குப் பக்கத்து ஆள். பத்தனம்திட்டாவில் பிறந்து திருவனந்தபுரத்தில் சட்டம் படித்தவர். 1958-இல் முன்சீப், 1974-இல் மாவட்ட நீதிபதி, 1983-இல் உயர் நீதிமன்றம், 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. அப்புறம் நம் மாநில ஆளுநராகவும் இருந்தார். முன்சீப் நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு வேலித் தகராறு தெரியும். சாட்சி ஏன் திக்குகிறான் என்பதும் தெரியும்.

எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். குளச்சலில் ஒரு மீனவரைக் காவல் நிலையத்தில் அடித்தார்கள் என்று புகார் வந்தால், காயச் சான்றிதழை எப்படிப் படிப்பது என்பது கீழ்க்கோர்ட் அனுபவம்தானே?

ஆனால் ஆணையம் பரிந்துரைதான் செய்யும். அரசு அதைத் தட்டிக்கழிக்கும்போது மிஸ்ரா மாதிரி ஆளின் கனம் தேவைப்படும். மாநில ஆணையத்தில் சட்டமே இரண்டையும் கலக்கிறது: தலைவர் உயர் நீதிமன்றத்திலிருந்து, உறுப்பினராக ஏழு வருட அனுபவமுள்ள மாவட்ட நீதிபதியும் வரலாம்.