கொக்கட்டிச்சோலைக்கு ஓட்டோவில் அரை நாள்: ஐந்துக்கு மூன்றரை

கனடாவிலிருந்து வந்த அண்ணன் மகளுக்கும் அவளின் ஏழு வயதுப் பிள்ளைக்கும் கொக்கட்டிச்சோலைக் கோயிலைக் காட்ட வேண்டும். கதையும் சொல்லிக் கூட்டிப் போகிற ஓட்டோக்காரத் தம்பி ஒருவரை மட்டக்களப்பு டவுனில் பிடித்தோம். போய்வர 4,500 ரூபா. ஏழு மணிக்கு என்றவர் எட்டேகாலுக்கு வந்தார். அரைப் புள்ளி அங்கேயே போய்விட்டது.

மண்முனைப் பாலத்தில் நிறுத்தி வாவியைப் படமெடுக்கச் சொன்னார். சரி. 2014இல் இந்தப் பாலம் திறக்கும்வரை நாங்கள் ‘பாதை’ என்கிற மிதவையில்தான் கடந்தோம் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைக்குப் பாதை என்றால் றோட்டு. தண்ணீரில் மிதக்கிற பாதை என்றதும் ஒரே சிரிப்பு.

கோயில் வாசலில்தான் தம்பிக்கு வாய் திறந்தது. வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தைக் கோடரியால் வெட்ட இரத்தம் வந்ததாம். அங்கே தானாகத் தோன்றியவர்தான் தான்தோன்றீஸ்வரர். அப்புறம் கல் நந்தி. கோயிலை இடிக்க வந்த வெள்ளைக்காரத் தளபதி, "உங்கட மாடு புல்லுத் தின்னுமா?" என்று கேட்க, நந்தி எழும்பிப் புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். சாணம் என்ற இடத்தில் தம்பி குரலை இறக்கினாரே, அதற்கு ஒரு புள்ளி தாராளமாகக் கொடுக்கலாம்.

வந்தவன் இங்கிலீசுக்காரன் என்றதுதான் இடித்தது. என் அம்மம்மா சொன்னது பறங்கி, அதாவது போர்த்துக்கேயன். மட்டக்களப்பின் புளியந்தீவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628இல். பத்தே வருடத்தில், 1638இல், ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். ஒல்லாந்தன் என்று சொல்கிறவர்களைக்கூடப் பொறுக்கலாம். இங்கிலீசுக்காரன் வந்தது அதற்கும் நூற்றைம்பது வருடம் கழித்து!

சொல்லாமல் விட்டது அதைவிடப் பெரிய குறை. இங்கே பூசை செய்வது பிராமணர் அல்ல, லிங்கம் தரித்த வீரசைவக் குருக்கள்மார். இது தேசத்துக் கோயில், ஒரு ஊருக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டாரத்துக்கே பொது. உரிமைகள் ஊராகவும், குடி என்கிற குலமாகவும் பிரிந்து கிடக்கின்றன. குடியோ எங்களுக்குத் தாய்வழி. இதை நான் சொல்லப்போக, மருமகள் நடுவீதியில் நின்றுவிட்டாள்.

"அப்ப மாமி, நான் உங்கட குடி இல்லையா?"

இல்லை. அவளுக்கு அவளின் அம்மாவின் குடி. எனக்கும் அண்ணனுக்கும் எங்கள் அம்மாவின் குடி. கூட வந்தவர்களில் ஒரே குடி என்றால் அவளும் அவளின் பிள்ளையும்தான். இதைக் கேட்டு ஓட்டோத் தம்பியும் விரலை மடக்கித் தன் குடியை எண்ணத் தொடங்கினார். கதை சொல்லிக் காசு வாங்குகிறவர் இதை முதலே எண்ணியிருக்க வேண்டாமா?

போகிறவர்கள் பத்து மணிக்கு முதல் போங்கள், வெறுங்காலுக்கு மணல் சுடும். திரும்புகிற நேரத்தையும் முன்னமே பேசி வையுங்கள். பதினொன்றரைக்கே இன்னொரு ஹயர் இருக்கிறதென்று தம்பி ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிட்டார். பிள்ளை வரமாட்டேன் என்கிறாள். ஒரு பிடி புல்லைப் பிடுங்கி நந்தியின் வாய்க்கு நேரே வைத்துவிட்டுக் குந்தியிருக்கிறாள்.