மழைக்காலமும் ஒரு தோல் ஸ்லிங்கும்: ப்ரோனில் ஏழு ஆண்டுகள்

அலுவலகத்தில் உடன் பணிபுரியும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, என் மகள் ஏர் ரைஃபிளிலிருந்து .22 ப்ரோனுக்கு மாற வேண்டும் என்கிறாள். முதலில் எதை வாங்குவது?" ரைஃபிள் பெயர் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். ஸ்லிங் என்றேன்; ப்ரோனில், அதாவது படுத்துச் சுடும் போட்டியில், ரைஃபிளைக் கையோடு பிணைக்கும் வார் அது. சொல்லும்போதே பழைய கோபமும் சேர்ந்து வந்துவிட்டது. அவரிடம் பாதியில் விட்டதை இங்கே முழுவதும் எழுதுகிறேன்.

ரைஃபிளுக்கு இப்போது அவசரமில்லை. சொந்தமாக வாங்குவதென்றால் உரிமம், இறக்குமதி என்று இழுத்துக்கொண்டே போகும். நான் இன்றும் கிளப்பின் பழைய ஆன்ஷூட்ஸ் ரைஃபிளில்தான் சுடுகிறேன்; அதன் குழல் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. தோட்டா மட்டும் அந்தக் குழலுக்கு ஒத்துப்போகிற லாட்டாக (ஒரே தொகுதியில் தயாரானதாக)ச் சுட்டுப் பார்த்து எடுக்க வேண்டும். அதே கம்பெனி, அதே விலை, லாட் எண் மட்டும் மாறினாலும் குண்டுகள் ஒரே இடத்தில் விழாமல் குரூப் விரிந்துவிடும்.

ஸ்லிங்குக்கு வருகிறேன். ப்ரோனில் இடது கை ரைஃபிளை இறுக்கிப் பிடிப்பதில்லை. மேல்கையில் மாட்டிய வார், ரைஃபிளின் அடியில் முன்னால் இருக்கும் ஹேண்ட்ஸ்டாப் என்ற கைத்தடுப்பு வரை இழுபட்டு நின்று எடையைத் தாங்குகிறது. விரல்கள் தளர்ந்து கிடக்கும். கண்ணை மூடி, மூச்சை விட்டு, மறுபடி திறந்தால் இலக்கின் கரும்புள்ளி, குழல் முனையில் குறிபார்க்கும் வளையத்தின் நடுவிலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கையால் தள்ளக் கூடாது, இடுப்பை நகர்த்த வேண்டும். இது முதன்முதலாகச் சரியாக அமைந்த காலையை நான் மறக்கவில்லை. 5 கிலோ ரைஃபிள் எடையே இல்லாததுபோல் நின்றது. மூச்சுக்கு ஏற்ப நேர்க்கோட்டில் மேலும் கீழும் மட்டும் அசைந்தது. அந்தச் சுகத்தைக் கொடுத்தது என் தோல் ஸ்லிங்தான்.

என் இரண்டு மழைக்காலங்களைக் கெடுத்ததும் அதுதான். சென்னையின் ஐப்பசி ஈரத்தில் தோல் நீள்கிறது. ஒரேயடியாக நீண்டால் உடனே தெரிந்துவிடும். இது 60 குண்டுகளைச் சுடும் 50 நிமிடத்துக்குள் மெல்ல மெல்ல இளகும். ஒரு போட்டியில் நாற்பதாவது குண்டுக்குப் பிறகு திரையில் புள்ளிகள் 10.5, 10.1, 9.8, 9.6 என்று இறங்கியது. எல்லாம் ஆறு மணிப் பக்கம், அதாவது நேர் கீழே. குறிபார்க்கும் சைட்டை இரண்டு கிளிக் ஏற்றினேன். அடுத்த குண்டு மேலே போனது, அதற்கடுத்தது மறுபடி கீழே. தாழ்ந்துவிட்ட ரைஃபிளை என்னை அறியாமல் தோளால் தூக்கிக்கொண்டிருந்தேன். தோள் தளர்ந்த குண்டெல்லாம் இறங்கியது. 50 மீட்டரில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ., ஒரு சட்டைப் பொத்தான் அளவு. குண்டுக்கு ஒரு தசமம் போனாலும் 60 குண்டுகளில் 6 புள்ளி போய்விடும். வார் இளகி முன்கை தாழ்ந்தாலும், தரையோடு அதன் கோணம் 30 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது என்ற விதி வேறு இருக்கிறது.

கோச் வாரை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். வட்டமாக இருந்த துளைகள் நீள்வட்டமாகியிருந்தன. விற்றவரிடம் கேட்டதற்கு, "தோல் என்றால் அப்படித்தான்" என்றார். விற்கும்போது ஏன் சொல்லவில்லை? நியாயமாகப் பார்த்தால் என் பங்கும் உண்டு. பராமரிப்பதாக நினைத்து எண்ணெய் தடவித் தடவி அதை இன்னும் இளக்கியிருக்கிறேன்.

பிறகு சிந்தெடிக் ஸ்லிங் வாங்கினேன். அது நீளவே இல்லை, எந்த மழையிலும். ஆனால் அதன் விளிம்பு கையில் அழுந்தி, முன்வளையம் நாடித்துடிப்போடு சேர்ந்து துள்ளியது. மேலேற்றி, கையின் வெளிப்புறமாக மாட்டியபின் குறைந்தது, முற்றிலும் போகவில்லை. தோலில் எனக்கு அந்தத் துள்ளல் வந்ததே இல்லை.

சென்ற ஆண்டு பஸ் நிலையத்துக்கு அருகே செருப்பு தைக்கும் பெரியவரிடம் பழைய ஸ்லிங்கைக் கொடுத்தேன். பள்ளிப் பையின் நைலான் வார் ஒன்றைப் பின்புறம் வைத்து இரட்டைத் தையல் போட்டு, புதிதாகத் துளையிட்டுத் தந்தார். அகலம் 40 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்றதும் அளவுகோலை என்னிடமே கொடுத்து அளக்கச் சொன்னார். ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. நீள்கிறதா என்று பார்க்க வாரில் பேனாவால் போட்ட கோடு நகரவில்லை.

ஒலிம்பிக்கில் இல்லாத ப்ரோனைக் கற்று என்ன பயன் என்றும் தம்பி கேட்டார். 2016 ரியோவோடு அதைத் தனிப் போட்டியாக நிறுத்தியது உண்மைதான். அதற்கு முந்தைய லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டின் ஜாய்தீப் கர்மாகர் அதில் நான்காவதாக வந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் 2024 பாரிஸில் நம் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற, மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடும் மூன்று நிலைப் போட்டியின் தகுதிச் சுற்றிலும் 20 குண்டுகள் படுத்துத்தான் சுட வேண்டும். தாராளமாகக் கற்கட்டும்.

மகளுக்குச் சிந்தெடிக்கே வாங்கிக் கொடுங்கள், தம்பி. எந்தத் துளையில் மாட்டினாள் என்று ஒவ்வொரு நாளும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். தோல் வேண்டவே வேண்டாம். என்னுடையதை விலைக்குத் தர முடியுமா என்று கேட்டீர்கள், தர மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிக்கு அதைத்தான் எடுத்துப் போகிறேன்.