வேலைக்குப் போகும் வீட்டில் நாய்க்குட்டி: சங்கிலியா, கூண்டா, வராண்டாவா?

தங்கச்சிமடத்திலோ ராமேஸ்வரத்திலோ குடியிருந்துகொண்டு ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் காலை எட்டரைக்குக் கதவைப் பூட்டினால், திரும்பத் திறக்க இரவு ஏழு ஆகிவிடும். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிற வீடு என்றால் குட்டிக்கு அவ்வளவு நேரமும் தனிமைதான். மூன்று மாதக் குட்டியால் மூத்திரத்தை மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. ஆறு மாதமானாலும் ஐந்தாறு மணி நேரத்தோடு சரி. அதனால் கீழே சொல்கிற எந்த ஏற்பாட்டைச் செய்தாலும் மத்தியானம் ஒருவர் வந்து பார்த்தே ஆக வேண்டும். அதற்கு ஆளே கிடைக்காது என்றால், குட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். வளர்ந்த நாயாகப் பார்த்து எடுத்து வளர்ப்பதும் நல்லதுதான்.

ஊர்ப்பக்கம் அதிகம் பார்ப்பது சங்கிலியைத்தான். வாசல் வேம்பில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். செலவில்லை, வீடும் அழுக்காகாது. ஆனால் காலையில் இருந்த நிழல் பதினொரு மணிக்கு நகர்ந்துவிடும். குட்டி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து சங்கிலி இரண்டு முழமாகக் குறைந்திருக்கும், தண்ணீர்ச் சட்டி எட்டாத இடத்தில் கவிழ்ந்து கிடக்கும். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது பெரும்பாலும் இளைப்பால்தான். நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் காய்ந்தால்தான் சூடு இறங்கும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் அது மெதுவாகத்தான் காயும். கடலைவிட்டுத் தள்ளியிருக்கிற ஊரில் தாங்குகிற வெயிலை இங்கே குட்டி தாங்காது. பக் மாதிரி மூக்குச் சப்பையான ஜாதிக்கு இது உயிராபத்து. தெருநாய் நெருங்கினால் கட்டிக்கிடக்கும் குட்டியால் ஓடவும் முடியாது. அந்தப் பயம்தான் பிறகு கடிக்கிற குணமாக மாறுகிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவே, குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதையும், கட்டியே வைத்து நடமாட விடாமல் இருப்பதையும் வதை என்கிறது. நான் இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

அவிழ்த்துவிட்டுப் போவதில் ஒரு நியாயம் இருக்கிறது. கடற்கரைக் குடியிருப்புகளில் நாலு நாய்களோடு சேர்ந்து திரிகிற நாய் தனிமையில் ஏங்குவதில்லை. ஆனால் தடுப்பூசி முடியாத குட்டிக்கு இது ஆகாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை ஊசி போட வேண்டும். அதற்குள் தெருவில் விட்டால், ரத்தமாக வயிற்றுப்போக்கு போகிற பார்வோ நோய் வந்துவிடலாம். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலை வண்டிகள் வேறு. வலை உதறுகிற இடத்தில் தூண்டில் முள்ளும் நரம்பும் கிடக்கும், கழித்துப் போட்ட பேத்தை மீனும் கிடக்கும். பேத்தையின் விஷத்துக்கு மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நாய் இறந்துபோகும். வளர்ந்த நாய்கூட இதற்குத் தப்பாது.

கூண்டை முறையாகப் பழக்கினால் நல்ல கருவி. நின்று, திரும்பி, நீட்டிப் படுக்கிற அளவு இருக்க வேண்டும். கதவைத் திறந்தே வைத்து உள்ளே சோறு வைத்தால் சில நாளில் குட்டி தானாகப் போய்ப் படுக்கும். இரவுக்கும், ஓரிரு மணி நேரம் வெளியே போய்வரவும் சரியானது. வேலை நாள் முழுக்க அடைத்தால், வேறு வழியில்லாமல் படுக்கிற இடத்திலேயே மலமும் மூத்திரமும் போய்விடும். படுக்கையை அசிங்கப்படுத்தக் கூடாது என்று நாய்க்கு இயல்பிலேயே உள்ள பழக்கம் கெட்டால், திரும்பப் பழக்குவது பெரும்பாடு.

எனக்குச் சரியாகப் படுவது கிரில் போட்ட முன் வராண்டா, அது இல்லையென்றால் காற்று வருகிற ஓர் அறை. அடுப்படி வேண்டாம், கேஸ் டியூபும் வெங்காயக் கூடையும் அங்கேதான் இருக்கும். வெங்காயம் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். தகரக் கூரையும் வேண்டாம். மேற்குப் பார்த்த வராண்டாவில் பிற்பகல் வெயில் உள்ளே இறங்குகிறதா என்று ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். கிரிலின் கீழ்ப்பாதியைப் பனையோலைத் தட்டியால் மறைத்தால் தெருவில் போகிற ஆடு, சைக்கிளுக்கெல்லாம் குரைத்துக் களைக்காது, மேல்பாதியில் காற்றும் வரும். கனமான மண்சட்டி இரண்டில் தண்ணீர் வையுங்கள். ஒரு மூலையில் பழைய செய்தித்தாள் போட்டால் அவசரத்துக்கு அங்கே போகும்.

துணைக்கு இன்னொரு குட்டி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தே வளர்ந்து, மனிதர் சொல் காதில் ஏறாமல் போகும். முதல் குட்டி பழகி முடியட்டும்.

மத்தியான ஆளுக்குப் பக்கத்து வீட்டு அப்பத்தாவைக் கேட்டுப் பாருங்கள். “அப்பத்தா, சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு எட்டு வந்து இவனை வெளியே விட்டுட்டுப் போங்களேன்” என்று முறையாகக் கேட்டால் மறுக்க மாட்டார்கள். மீன் குழம்புச் சோறு மட்டும் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

இடம் சரியானாலும் குட்டிக்குத் தனிமை பழகியிருக்க வேண்டும். நீங்கள் கிளம்பப் போவதைக் குட்டி சாவிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடும். கொக்கியிலிருந்து சாவி அசைந்ததும் காது நிமிரும், பாதிச் சோற்றை விட்டுவிட்டு ஓடிவரும். அதனால் முதலில் சாவியை எடுத்துவிட்டு நாற்காலியில் உட்காருங்கள். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காய்கறி நறுக்குங்கள். சாவிக்கு அது அசைந்துகொடுக்காத நாள் வந்தபிறகு கதவுக்கு வெளியே போய்ச் சில நொடி நின்று, அது அழுவதற்கு முன்பே உள்ளே வந்துவிடுங்கள். நொடி நிமிடமாகட்டும், நிமிடம் அரை மணியாகட்டும். அழுதால் நேரத்தைக் கூட்டியது அதிகம் என்று பொருள், ஒரு படி இறங்கி மறுபடி தொடங்குங்கள். போகும்போதும் வரும்போதும் கொஞ்சல் வேண்டாம்.

கிளம்புமுன் நடத்திக் கூட்டிப்போய், சோறு போட்டு, கால் மணி நேரம் கழித்து ஒருமுறை வெளியே விடுங்கள். உப்பு, மிளகாய், வெங்காயம் இல்லாமல் மீன் வேகவைத்த தண்ணீரை அகலமான எவர்சில்வர் கிண்ணத்தில் உறைய வைத்து, கதவைச் சாத்தும்போது கொடுங்கள். நக்கி முடிப்பதற்குள் நீங்கள் போனது பழகிவிடும். கருவாடு வேண்டாம், உப்பு அதிகம்.

பழைய போனை வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். பிரிவைத் தாங்காத நாய் பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே அதைக் காட்டிவிடும். கதவடி இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்து, சின்னதாக முனகி, பெருமூச்சு விட்டுத் தூங்கிப்போனால் கவலையில்லை. எச்சில் வழிய நடந்துகொண்டே இருந்தால், நகம் பெயரக் கதவைப் பிறாண்டினால், கிண்ணத்தைத் தொடவே இல்லை என்றால் அது சேட்டை அல்ல, பீதி. அடிக்காமல் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை யார் வீட்டிலாவது விட்டுப் போங்கள்.

விசைப்படகுக் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் ஆண்கள் வீட்டில் இருப்பார்கள், குட்டி வாங்க அதுதான் வசதி என்று நினைப்பார்கள். அந்த இரண்டு மாதமும் மடியிலேயே வளர்ந்த குட்டியை, படகு கிளம்பிய அன்றே தனியாக விட்டால் தாங்காது. வீட்டில் ஆள் இருக்கும்போதே, மே மாதத் தொடக்கத்திலிருந்து தினமும் கொஞ்ச நேரம் வராண்டாவில் தனியே விட்டுப் பழக்குங்கள்.