கிராஃபீன் ஓஎஸ்: நெடுநாள் புழக்கத்துக்குப் பிறகு

கூகுளின் பிக்சல் 8ஏ கைபேசியில், தனியுரிமையையும் பாதுகாப்பையும் முன்னிறுத்தி ஆண்ட்ராய்டிலிருந்து உருவாக்கப்பட்ட கிராஃபீன் ஓஎஸ் என்ற இயங்குதளத்தை நிறுவி, அதையே என் முதன்மைக் கைபேசியாக வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேலாகிறது. நிறுவிய சூட்டோடு எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் வியப்பிலோ எரிச்சலிலோ முடிந்துவிடுகின்றன. இரண்டும் அடங்கிய பிறகு எது மிஞ்சுகிறது என்பதையே இங்கு எழுத முயல்கிறேன். அன்றாடப் புழக்கத்தில் இந்த இயங்குதளத்துக்காக விட்டுக்கொடுக்க வேண்டியவை நான் அஞ்சியதைவிட மிகக் குறைவு. உண்மையான இடர்ப்பாடு கைபேசிக்கு வெளியே, எந்தக் கைபேசி நம்பத் தகுந்தது என்று சான்றளிக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதில் இருக்கிறது.

வழக்கமான ஆண்ட்ராய்டில் அப்படி என்ன குறை என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது, டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் 2021இல் வெளியிட்ட ஆய்வைத்தான். யாரும் தொடாமல் சும்மா கிடக்கும் கைபேசியும் சராசரியாக நாலரை நிமிடத்துக்கு ஒருமுறை அதன் இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனத்துக்குத் தரவு அனுப்புகிறது என்று அந்த ஆய்வு அளந்து காட்டியது. ஐபோனும் அதில் விதிவிலக்கு இல்லை என்பதால், கட்சி மாறிப் பயனில்லை. அதே ஆண்டில் அவரும் எடின்பரோ ஆய்வாளர்களும் சேர்ந்து பல ஆண்ட்ராய்டு வகைகளை ஒப்பிட்டபோது, தன்னார்வலர்கள் உருவாக்கும் மாற்று ஆண்ட்ராய்டான லீனியேஜ் ஓஎஸ்கூட, கூகுள் செயலிகளோடு நிறுவப்பட்டபோது, கணிசமான தரவை அனுப்பியது. கூகுளை விலக்கி உருவாக்கப்பட்ட ஈ ஓஎஸ் மட்டுமே ஏறக்குறைய எதையும் அனுப்பவில்லை.

அப்படியானால் ஈ ஓஎஸ் போதாதா என்ற கேள்வி நியாயமானது. முன்பு ஒரு பழைய கைபேசியில் லீனியேஜ் ஓஎஸ் வைத்திருந்தேன். ஆயுள் முடிந்த கருவிக்கு உயிர் கொடுப்பதில் அதற்கு இணை இல்லை. ஆனால் இத்தகைய இயங்குதளங்களை நிறுவியபின் பெரும்பாலான கைபேசிகளில், இயக்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் பூட்லோடர் என்ற நிரலைத் திறந்த நிலையிலேயே விட்டுவைக்க நேர்கிறது. அப்போது, கருவி கைக்குக் கிடைத்த ஒருவர் இயங்குதளத்திலேயே கைவைத்தாலும் அதைக் கண்டறிய வழி இல்லாமல் போகிறது. தனியுரிமையைத் தேடிப் போய்ப் பாதுகாப்பை இழப்பது எனக்கு ஒப்பவில்லை. 2014இல் தொடங்கி, சில காலம் காப்பர்ஹெட் ஓஎஸ் என்ற பெயரில் இருந்து, 2019 முதல் கிராஃபீன் ஓஎஸ் என்ற பெயரில் வளர்ந்துவரும் இந்தத் திட்டம், தன் சொந்தச் சாவியால் பூட்லோடரை மீண்டும் பூட்ட முடிகிற கருவிகளையே ஏற்றுவந்திருக்கிறது. அதனால்தான், கூகுளிடமிருந்து விலகுவதற்குக் கூகுளின் கைபேசியையே வாங்க வேண்டியிருக்கிறது. இந்த முரணைச் சொல்லிச் சிரிக்காத நண்பர் எனக்கு இல்லை.

நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கேபிள் ஒன்றும் குரோம் வகை உலாவி ஒன்றும் இருந்தால், அவர்களுடைய இணையதளத்திலேயே பொத்தான்களை வரிசையாக அழுத்தி முடித்துவிடலாம். பூட்லோடரைத் திறக்கும்போது கைபேசியில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும் என்பதையும், கடைசியில் அதை மறக்காமல் பூட்ட வேண்டும் என்பதையும் மட்டும் நினைவில் கொண்டால் போதும். அதன்பின் ஒவ்வொரு முறை இயக்கும்போதும், வேறு இயங்குதளம் ஏற்றப்படுகிறது என்ற மஞ்சள் நிற எச்சரிக்கை ஒன்று சில நொடிகள் தோன்றும். அது பழுதன்று.

இந்த இயங்குதளத்தின் உயிர்நாடி, அறிவிப்பு, இருப்பிடம் போன்றவற்றுக்குப் பல செயலிகள் பின்னணியில் சார்ந்திருக்கும் கூகுள் ப்ளே சேவைகளை அது கையாளும் முறை. கூகுளை முற்றிலும் விலக்கிவிட்டால் டாக்ஸி, உணவு, பயணச்சீட்டு என்று பாதிச் செயலிகள் முடங்கும். வழக்கம்போல விட்டுவிட்டால் இயங்குதளத்தை மாற்றியதன் பொருளே போய்விடும். கிராஃபீன் ஓஎஸ் இதற்கு இடைப்பட்ட வழி ஒன்றை எடுத்திருக்கிறது: ப்ளே சேவைகளை விரும்பினால் நிறுவிக்கொள்ளலாம், ஆனால் அவை மற்றச் செயலிகளைப் போலவே சிறப்புரிமை எதுவும் இன்றி அடைப்புக்குள் இயங்கும். எல்லா அறைச் சாவிகளையும் வைத்திருந்த வீட்டுக்காரர், இங்கே ஒற்றை அறையில் வாடகைக்குக் குடிவந்தவர் ஆகிறார். இருப்பிடமோ தொடர்புகளோ வேண்டுமென்றால் அவரும் கேட்டுத்தான் பெற வேண்டும். நான் அவருக்குத் தந்தது இணைய அனுமதி மட்டுமே. அதை வைத்தே அறிவிப்புகள் தாமதமின்றி வந்துசேர்கின்றன.

அனுமதிகளின் விஷயத்தில் நான் மிகவும் மதிப்பது ‘ஸ்டோரேஜ் ஸ்கோப்ஸ்’, ‘கான்டாக்ட் ஸ்கோப்ஸ்’ என்ற இரண்டையும். தொடர்புகள் வேண்டும் என்று அடம்பிடிக்கும் செயலிக்கு மறுப்புச் சொன்னால் அது வேலை செய்ய மறுக்கும். இங்கே அனுமதி தந்ததாக அதை நம்பவைத்துவிட்டு, நாம் குறித்துக் கொடுத்த பெயர்களை மட்டும் காட்டலாம். எதையும் குறிக்காவிட்டால் அதன் கண்ணுக்கு நம் தொடர்புப் பட்டியல் காலியாகத் தெரியும். நான் பயன்படுத்தும் செய்திச் செயலிக்கு நெருங்கிய சிலரின் எண்களை மட்டும் கொடுத்திருக்கிறேன். அதன் விளைவாகக் குடும்பக் குழுவில் பேசுபவர்களில் பாதிப் பேர் வெறும் எண்களாகவே தெரிகிறார்கள். திருமணத் தேதி அறிவித்தது எந்தச் சித்தப்பா என்று எழுத்து நடையை வைத்து ஊகிக்க வேண்டியிருந்தது. இது சிறு விலைதான் என்றாலும், விலைதான்.

இணைய அனுமதியையே செயலிவாரியாக நிறுத்தும் வசதி, தமிழில் தட்டெழுதுபவர்களுக்குக் குறிப்பாக உதவும். உடன் வரும் விசைப்பலகையில் தமிழ் அமைப்பு இருக்கிறது. ஆனால் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாகப் பெற்றுப் பழகிய விரல்களுக்கு அது போதவில்லை. எனவே கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்டை நிறுவி, மொழித் தொகுப்பு இறங்கும்வரை மட்டும் இணையத்தைத் திறந்துவிட்டு, பிறகு மூடிவிட்டேன். நாம் அடிக்கும் ஒவ்வோர் எழுத்தும் கடந்துபோகும் செயலிக்கு இணையம் இல்லை என்பது மனத்துக்கு நிம்மதி தருவதே. எனினும் இதை முழுக் கவசம் என்று எண்ணக் கூடாது. ஒரே பயனர் கணக்கில் இருக்கும் செயலிகள், இரண்டும் சம்மதித்தால், தங்களுக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ள ஆண்ட்ராய்டு இடம் தருகிறது. அந்தக் கவலை உள்ளவர்கள் ப்ளே சேவைகளைத் தனிப் பயனர் கணக்கில் வைக்கலாம். அப்படிச் செய்து பார்த்து, கணக்கு மாறி மாறிச் சலித்து, ஒன்றுக்கே திரும்பிவிட்டேன்.

இனி வங்கிச் செயலிகளின் கதை. என் கணக்குகளில் ஒன்றின் செயலி, சிம் சரிபார்ப்புக் குறுஞ்செய்தி அனுப்புவது முதல் யூபிஐ பணம் செலுத்துவது வரை எந்தத் தடையும் இன்றி இயங்குகிறது. தேநீர்க் கடையின் க்யூஆர் அட்டை முன் ஒருநாளும் தலைகுனிய நேரவில்லை. இன்னொரு வங்கியின் செயலியும் நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு, ‘உங்கள் கைபேசி பாதுகாப்பற்றது’ என்ற அறிவிப்போடு திறக்க மறுத்துவிட்டது. என் கைபேசி ரூட் செய்யப்படவில்லை (இயங்குதளத்தின் முழு அதிகாரம் எந்தச் செயலிக்கும் திறந்துவிடப்படவில்லை), பூட்லோடர் பூட்டியிருக்கிறது, பாதுகாப்புத் திருத்தங்கள் உடனுக்குடன் வந்துவிடுகின்றன. இவற்றில் எதுவும் கணக்கில் வரவில்லை. இத்தகைய மறுப்புக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது கூகுளின் ப்ளே இன்டக்ரிட்டி என்ற சோதனை. கூகுள் சான்றளித்த இயங்குதளமா என்பதையும் அது பார்க்கிறது. கிராஃபீன் ஓஎஸ் சான்றளிக்கப்பட்டது அன்று என்பதால் அதன் அடிப்படைப் படியைத் தாண்டுவதில்லை.

மேசை இழுப்பறையில் கிடந்த பழைய கைபேசியில் அதே செயலியை நிறுவிப் பார்த்தேன். அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வருவது நின்று ஆண்டுகள் ஆகிவிட்டன. அறியப்பட்ட ஓட்டைகள் எத்தனையோ அதில் அடைபடாமல் இருக்கும். செயலி மறுபேச்சின்றித் திறந்தது. ஆகவே அந்தச் சோதனை அளப்பது பாதுகாப்பை அன்று, உரிமத்தை என்றே நான் முடிவுசெய்தேன். கூகுளை நாடாமல், எந்த இயங்குதளம் ஓடுகிறது என்பதைக் கைபேசியின் சில்லே உறுதிப்படுத்தும் ஆண்ட்ராய்டின் வன்பொருள் சான்றுறுதி மூலமாகவே கிராஃபீன் ஓஎஸ் கருவிகளைச் செயலி உருவாக்குநர்கள் அடையாளம் காண முடியும். அதற்கான வழிகாட்டியைத் திட்டக் குழு வெளியிட்டிருக்கிறது. வங்கியின் உதவி மையத்துக்கு அந்த இணைப்போடு கடிதம் எழுதினேன். கைபேசியை மீட்டமைத்துப் பார்க்குமாறு பதில் வந்தது. இப்போது அந்தக் கணக்கை உலாவி வழியாகவே கையாளுகிறேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடும் வேலைதான், ஆனால் நடக்கிறது. கூகுள் வாலட் கொண்டு கைபேசியைக் காட்டிப் பணம் செலுத்துவதும் இதே காரணத்தால் இயங்காது. அதைப் பழக்கமாகக் கொண்டவர்கள் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது.

பாதுகாப்பு வசதிகளில் நான் நேரடியாக உணர்ந்தது தானியங்கி மறுதொடக்கம். பதினெட்டு மணி நேரம் பூட்டைத் திறக்காவிட்டால் கைபேசி தானாகவே அணைந்து எழுந்து, தரவு முழுவதும் மறையாக்கப்பட்ட நிலைக்குத் திரும்பிவிடும். காய்ச்சலில் படுத்திருந்தபோது வந்த அழைப்பில் வீட்டாரின் பெயர் தெரியாமல் எண் மட்டும் தெரிந்தது. கடவெண் இடும்வரை தொடர்புப் பட்டியலையே கைபேசியால் படிக்க இயலாது என்பது அதன் காரணம். நேரத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியும்; நான் மாற்றவில்லை. மிரட்டிக் கடவெண் கேட்பவர்களிடம் இடுவதற்கென்றே, இட்டதும் அனைத்தையும் அழித்துவிடும் மாற்றுக் கடவெண் ஒன்றை 2024இல் சேர்த்தார்கள். கைக்குழந்தை விளையாடும் வீட்டில் அதை எளிய எண்ணாக வைக்க வேண்டாம்.

செயலிகள் நினைவகத்தைத் தவறாகக் கையாளும்போது கண்டுபிடிக்க உதவும் நினைவகக் குறியிடல் வசதி, பிக்சல் 8 வரிசை முதல் சில்லிலேயே உள்ளது; கிராஃபீன் ஓஎஸ் அதை இயல்பாகவே பயன்படுத்துகிறது. அதைப் பிற செயலிகளுக்கும் விரித்தபோது, பழைய ஒளிப்படத் தொகுப்புச் செயலி ஒன்று அடிக்கடி சரிந்தது. ஒவ்வொரு முறையும் நினைவகப் பிழை என்ற அறிவிப்பு வந்தது. இத்தனை நாளும் அந்தப் பிழை சத்தமில்லாமல் இருந்திருக்கிறது. அந்த ஒரு செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தேன். கேமராவைப் பொறுத்தவரை, உடன் வரும் செயலி சுமார்தான். கூகுளின் பிக்சல் கேமராவை நிறுவி அதன் இணையத்தை மூடிவிட்டால் படத்தின் தரம் குறைவதில்லை.

இத்தனையும் செய்தாலும் ஒருவர் பிறர் கண்ணிலிருந்து மறைந்துவிட முடியாது. எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறேன் என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும்; யாரோடு எப்போது பேசுகிறேன் என்பது செய்திச் செயலியின் நிறுவனத்துக்குத் தெரியும். இயங்குதளம் மாறியதால் இவை மாறவில்லை.

எதிர்காலம் குறித்துக் கவலை உண்டு. 2025 ஜூனில் ஆண்ட்ராய்டு 16 வெளியானபோது, இத்தகைய திட்டங்கள் நம்பியிருந்த, பிக்சல் கருவிகளுக்கான மூலநிரல் கோப்புகளைக் கூகுள் வழக்கம்போல வெளியிடவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டில், இதே துறையில் இருந்த கேலிக்ஸ் ஓஎஸ் தன் வெளியீடுகளை நிறுத்திவைத்தது. கிராஃபீன் ஓஎஸ் தடுமாறாமல் வந்துவிட்டது என்றாலும், சிறு குழுவின் உழைப்பை நம்பி நிற்கிறோம் என்ற உணர்வு எனக்கு அதன்பின் கூடியது. பிக்சல் 8ஏவுக்குக் கூகுள் அறிவித்துள்ள புதுப்பிப்புக் காலம் 2031 மே வரை நீள்கிறது. அதுவரை மாற்றும் எண்ணம் இல்லை.

வாங்க நினைப்பவர்கள், குறிப்பாகப் பழைய கைபேசிச் சந்தையில் தேடுபவர்கள், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் வெரைசன் நிறுவனத்துக்காக விற்கப்பட்ட பிக்சல் கருவிகளின் பூட்லோடரைத் திறக்க முடியாது. வெளியே பார்த்தால் வேறுபாடும் தெரியாது. கடையில் நின்றபடியே பில்டு எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, இணையத்தை இணைத்து, பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் ‘ஓஇஎம் அன்லாக்கிங்’ பொத்தான் நகர்கிறதா என்று பாருங்கள். அது மங்கலாகி அசையாமல் நின்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் அந்தக் கைபேசி இந்த வேலைக்கு ஆகாது.