நாலு வருஷமாய் உடுக்கும் பச்சைச் சாறி

2021இல் தங்கச்சியின் கலியாணத்துக்கு வவுனியாவில் வாங்கியது. கடும்பச்சை, அரக்குக் கரை, உடல் முழுக்கப் பொன்னிறப் பூ. பெட்டியில் 'பனாரசி சில்க்' என்று போட்டிருந்தார்கள். விலை 6,800 ரூபாய். அந்தக் காசுக்குப் பட்டு வராது என்று தெரிந்துதான் வாங்கினேன். ஆனாலும் ஆசை விடவில்லை; வீட்டுக்கு வந்ததும் தலைப்புக் குஞ்சத்தில் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினேன். உருகிக் கறுத்த மணியாய்த் திரண்டது. பட்டென்றால் மயிர் கருகும் மணம் வரும், சாம்பல் விரலில் பொடிந்துபோகும். இது பொலியெஸ்டர்.

கிளிநொச்சிக்கு வந்த சின்னம்மா சாறியை மடியில் போட்டுத் திருப்பிப் பார்த்தா. "பின்பக்கத்தைப் பாத்தனியே, பிள்ளை?" நான் பார்க்கவில்லை. பூவுக்குப் பூ நூல்கள் நீளமாய் ஓடிக்கிடந்தன. பனாரசி நெய்யும் வாரணாசிக் கைத்தறியில் ஒவ்வொரு பூவையும் தனித்தனியே நெய்யும் கட்வா முறை உண்டு. அதில் பின்னால் நூல் ஓடாது. விசைத்தறிச் சாறியில் ஓடும், அல்லது வெட்டிவிட்டிருப்பார்கள். கலியாணத்தன்றே என் சாறியில் ஓடிக்கிடந்த நூலில் மெட்டி மாட்டி, கொய்யகத்தில் ஒரு இழை இழுபட்டுவிட்டது. இழையை வெட்டாமல் ஊசியால் பின்பக்கம் இழுத்துவிட்டேன். பிறகு தையல் அக்காவிடம் கொடுத்துக் கீழ்க்கரைக்கு உள்ளே நெட் பிடிப்பித்தேன். அதற்குப் பிறகு மாட்டவில்லை.

கீழ்க்கரை உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணிப்பட்டியான போல்ஸ் விஷயத்தில் அவசரப்பட்டேன். பருத்திப் போல்ஸை நனைக்காமல் அடித்ததால், முதல் கழுவலில் அது சுருங்கிக் கரை அலையலையாய் நின்றது. முழுவதையும் பிரித்து, நனைத்துக் காயவைத்த துணியால் திரும்ப அடித்தோம். இரட்டைச் செலவு.

உடுப்பதற்குச் சொன்னால், முதல் இரண்டு தரம் இடுப்பில் பொம்மிக்கொண்டு நின்றது. வழுவழுப்பான சற்றின் துணிப் பாவாடைக்கு மேல் வழுக்கும். பருத்திப் பாவாடைதான் கொய்யகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. தோளில் ஊசி குத்துமிடத்தில் சின்னத் துணித்துண்டை உள்ளே வைத்துக் குத்துகிறேன், இன்னும் ஓட்டை விழவில்லை. பூ நிறைந்த சாறி என்பதால் வெறும் அரக்குச் சட்டை போதும். கடைக்காரர் தந்த வேலைப்பாட்டுச் சட்டையைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

கழுவுவது வீட்டில்தான். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு, பிழியாமல் நிழலில் காயவைப்பது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் அலசினால் காய்ந்தபின் வெள்ளைத் திட்டுத் தெரியும். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைக்கிறேன். சின்னம்மாவின் காஞ்சிபுரத்துக்கு இதெல்லாம் சரிவராது. அது வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி அலுமாரியில் இருக்கிறது. சில மாதத்துக்கொருதரம் மடிப்பை மாற்றி மடிப்பா, இல்லாவிட்டால் மடித்த இடத்தில் சரிகை முறியும்.

என் சாறிக்கு எமன் அயன்தான். ஒருநாள் அவசரத்தில் சூட்டைக் குறைக்காமல் கரையில் வைத்தேன். பிளாஸ்டிக் சரிகை அல்லவா, ஒரு சாண் நீளத்துக்குச் சுருண்டுவிட்டது. அந்த இடம் இப்போது இடுப்பில் செருகும் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. சூட்டைக் குறைத்து, பின்பக்கம் திருப்பி, மேலே துணி போட்டுத்தான் இப்போது அயன் பண்ணுகிறேன்.

நிறம் மங்கவில்லை, சரிகையும் கறுக்கவில்லை. இந்த விலைக்கு அது பெரிய விஷயம். ஆனால் வேர்வை உள்ளே இறங்காது. மார்கழி, தையில் மாலை விசேஷங்களுக்கு உடுக்கிறேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒருமுறை உடுத்துப்போய், விடிய வீட்டுக்கு வந்ததும் நேரே கிணற்றடிக்குத்தான் போனேன். இப்போது அங்கே போவதென்றால் நூல்சாறிதான்.