கணுக்கால் பிசகுக்கு ரெசிஸ்டன்ஸ் பேண்ட்: மூன்று வருடத்துக்குப் பிறகும் தீராத நிறக் குழப்பம்

விலை பாதியாகக் குறைந்திருக்கிறது, ஐந்து லூப் (வளையமாக இருக்கும் ரப்பர் பட்டை) அடங்கிய ரெசிஸ்டன்ஸ் பேண்ட் செட்டை வாங்கிவிடலாமா, போன மாதம் பிசகிய கணுக்காலுக்கு ஆகுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். லூப், நீளமான தட்டைப் பட்டை இரண்டையும் மூன்று வருடமாகப் பயன்படுத்தியதில் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், இதற்கு மாற்று இல்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பாதம் உள்பக்கம் மடங்கித்தான் பெரும்பாலும் பிசகுகிறது. அடி வாங்குவது வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் லிகமென்ட், அதாவது எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார். அப்படி மடங்காமல் பாதத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடிப்பவை காலின் வெளி ஓரமாக இறங்கும் பெரோனியல் தசைகள். டம்பெல்லின் எடை கீழ்நோக்கித்தான் இழுக்கும். பாதத்தைப் பக்கவாட்டில் எதிர்த்து இழுக்க வீட்டில் ரப்பர் பட்டையைப் போல வேறொன்று கிடையாது. ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கையும் 1978-ல் எழுதிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொன்னார். அளவான பளு சீக்கிரமே வேண்டும். அளவு என்னவென்று கேட்டால்தான் இந்தப் பொருள் கையை விரிக்கிறது.

பட்டையின் பளுவை நிறத்தால்தான் குறிக்கிறார்கள். தெராபேண்ட் என்ற பிராண்டின் அட்டவணையில், பட்டையை இரு மடங்கு நீளத்துக்கு இழுத்தால் மஞ்சள் சுமார் 1.3 கிலோ, சிவப்பு 1.7, பச்சை 2.1, நீலம் 2.6, கறுப்பு 3.3 காட்டும். பிசியோ "சிவப்பு முடித்ததும் பச்சைக்குப் போங்க" என்று சொல்வது இந்த வரிசையை மனதில் வைத்துத்தான். ஆனால் கடையில் கிடைக்கும் பல லூப் செட்டுகளில் பச்சைதான் ஆக லேசு, மஞ்சள் நடுத்தரம், சிவப்பு கனம். அந்தச் செட்டை வாங்கியவர் முன்னேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு பளுவைக் குறைத்திருப்பார். மஞ்சளில் தொடங்கச் சொன்னார்களே என்று அதை எடுத்தவர், வீக்கம் முழுசாக வற்றாத காலில் நடுத்தரப் பளுவை ஏற்றியிருப்பார். அட்டையில் 'லைட்', 'ஹெவி' என்று போடத் தெரிந்தவர்களுக்குக் கிலோவைப் போட என்ன தடை? காயம் ஆறும் காலில் மாட்டுகிற பொருள் இது. இந்த அலட்சியம் பொறுக்கவே முடியவில்லை.

பெட்டி எடையைப் பார்க்கும் தொங்கு தராசு இருந்தால் நீங்களே அளந்துவிடலாம். பட்டையில் 30 செ.மீ. இடைவெளியில் பேனாவால் இரண்டு கோடு போடுங்கள். ஒரு முனையைக் கட்டி, மறுமுனையில் தராசைக் கோத்து, கோடுகளுக்கு நடுவே 60 செ.மீ. வரும்வரை இழுத்து, காட்டும் எண்ணைப் பட்டையிலேயே எழுதி வையுங்கள்.

பளுவைத் தீர்மானிப்பது, நீளத்தில் எத்தனை சதவீதம் இழுபடுகிறது என்பதுதான். கணுக்காலுக்கு லூப் ஒத்துவராததும் இதனால்தான். பாதம் வெளியே திரும்பும் தூரமே சில சென்டிமீட்டர். சின்ன லூப் தொளதொளவென்று கிடக்கும், இல்லாவிட்டால் திடீரென்று இறுகிவிடும். தட்டைப் பட்டையில் கட்டிய இடத்துக்கும் பாதத்துக்கும் 50 செ.மீ. விட்டு, கொஞ்சம் இழுத்த நிலையிலேயே ஆரம்பித்தால் பளு ஒரே சீராக வரும்.

தரையில் காலை நீட்டி உட்காருங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, குதிகால் தரையில் படாமல் இருக்கட்டும். பட்டை சுண்டுவிரலின் அடி எலும்பருகே, பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றியிருக்க வேண்டும். விரல்மேல் மாட்டினால் வழுக்கிக்கொண்டு வரும். மறுமுனையை உள்பக்கமாக, கட்டில் காலில் கட்டுங்கள். ஒரு நொடியில் பாதத்தை வெளியே திருப்பி, இரண்டு நொடி நிறுத்தி, நான்கு நொடி எடுத்துத் திரும்ப விடுங்கள். 10 முதல் 15 தடவை, மூன்று சுற்று. எல்லோரும் தப்பு செய்வது இரண்டு இடத்தில்: பாதத்துக்குப் பதிலாகத் தொடையோடு காலையே திருப்புவார்கள், திரும்பும்போது சட்டென்று விட்டுவிடுவார்கள். முழங்கால் சில்லின்மேல் கையை வைத்துப் பாருங்கள், அது அசையக் கூடாது. வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினாலோ, மறுநாள் காலையில் வீக்கம் கூடியிருந்தாலோ பளுவைக் குறைக்கவும். அடிபட்டபோது நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாமல் போயிருந்தாலோ, கணு எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ முதலில் எக்ஸ்ரே. பட்டையெல்லாம் அதற்கப்புறம்.

அடுத்தது ஆயுள். வலிக்குத் தைலம் தேய்த்த காலில் அப்படியே பட்டையை மாட்டுவது நம் வீடுகளில் சகஜம். எண்ணெய், பட்டையின் லேடெக்ஸ் ரப்பரை ஊற வைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். வெயிலில் கொடியில் காயப்போட்டால் மேலே பொடிப் பொடியாக வெடிப்பு விடும். வெறும் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் டால்கம் பவுடர் தூவி அலமாரிக்குள் வைத்தால் நன்றாகவே உழைக்கிறது. முடிச்சருகே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நகக்கீறல் அளவு வெட்டு இருந்தாலும் இழுக்கும்போது அறுந்து முகத்தில் அடிக்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் லேடெக்ஸ் இல்லாததைக் கேட்டு வாங்கவும்.

இன்னொன்று. பாதத்தைக் கீழ்நோக்கி உந்தும் கெண்டைக்கால் பயிற்சிக்கும் இதையே மாதக்கணக்கில் நம்பியிருப்பவர்கள் உண்டு. ஓடும்போது கெண்டைக்கால் தாங்குவது உடம்பு எடையைவிட அதிகம். பட்டை தருவது இரண்டு, மூன்று கிலோ. ஆரம்ப நாட்களுக்கு அது போதும். பிறகு எழுந்து நின்று குதிகாலைத் தூக்குங்கள், இரண்டு காலில் தொடங்கி ஒற்றைக் காலுக்கு வாருங்கள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலையும் ரப்பரால் வராது.

நண்பருக்குப் பதில்: அந்தச் செட் வேண்டாம், பாதி விலைக்கும் வேண்டாம். இரண்டு மீட்டர் தட்டைப் பட்டையில் லேசு ஒன்று, அதற்கடுத்த கனம் ஒன்று போதும். கடைக்குப் போகும்போது தராசைக் கையோடு எடுத்துப் போங்கள்.