வேலை பார்த்துக்கொண்டே யூஎக்ஸ் பட்டம்: இங்கிலாந்தின் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் எப்படி?

டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் என்றால் ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே பட்டமும் வாங்கும் முறை. யூஎக்ஸ் என்பது செயலியும் இணையதளமும் பயன்படுத்துபவருக்கு எளிதாக இருக்கும்படி வடிவமைக்கும் வேலை. முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேராதீர்கள், வேலை கொடுக்கும் நிறுவனத்தைப் பார்த்துச் சேருங்கள். ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பேரில் ஒருவர் தேர்ந்த டிசைனராகவும் மற்றவர் பேனர் செய்பவராகவும் வெளியே வருவதற்கு அதுதான் காரணம்.

இங்கிலாந்தில் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் முறை 2015இல் வந்தது. யூஎக்ஸ் துறைக்கென்று அதில் லெவல் 6 தகுதி ஒன்று உண்டு. லெவல் 6 என்றால் முழு இளநிலைப் பட்டம். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

பணக் கணக்கில் இது நல்ல ஏற்பாடுதான். சாதாரணமாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் 2025-26இல் ஆண்டுக்கு 9,535 பவுண்டு வரை கட்டணம். இதில் மாணவர் ஒரு காசும் கட்ட வேண்டாம். ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் அந்தச் செலவில் 0.5 சதவீதம் லெவி என்ற பயிற்சி வரி கட்டுகின்றன. பயிற்சிச் செலவு அதிலிருந்து போகிறது. சிறிய நிறுவனம் என்றால் பெரும்பகுதியையோ முழுவதையுமோ அரசு ஏற்கிறது. ஆனால் கல்விக்கடன் கிடையாது என்பதால் வாடகையும் சாப்பாடும் சம்பளத்திலிருந்துதான். 2025 ஏப்ரலில் நிர்ணயித்த அப்ரண்டிஸ் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.55 பவுண்டு, 19 வயதும் ஆகி முதல் ஆண்டும் முடிந்திருந்தால் வயதுக்குரிய கூலி தர வேண்டும். 7.55இல் லண்டனில் தனியாக அறை எடுத்துத் தங்க முடியாது. விளம்பரத்தில் தொகை இல்லையென்றால் நேர்காணலுக்கு முன்பே கேளுங்கள். ஸ்டூடண்ட் விசாவில் இருப்பவர்களுக்கு இந்த நிதி கிடையாது.

பாடத்தில் குறை சொல்ல அதிகமில்லை. பயனர் நேர்காணல், குறிப்புகளைத் தொகுத்துப் பொதுப் பிரச்சினைகளைப் பிரித்தெடுப்பது, வயர்ஃப்ரேம் (திரையின் வெறும் கோட்டு வரைவு), ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் புரோட்டோடைப் (சொடுக்கிப் பார்க்கக்கூடிய மாதிரி), பயன்பாட்டுச் சோதனை என்று வரிசை வழக்கமானதுதான். வித்தியாசம் தெரிவது அலுவலகத்தில். கல்லூரி புராஜெக்ட்டில் சோதனைக்கு உட்காருபவர்கள் பெரும்பாலும் வகுப்புத் தோழர்கள்; எந்தப் பட்டன் எங்கே இருக்கும் என்று பாதி தெரிந்தவர்கள், மனம் நோகாமல் பதில் சொல்பவர்கள். நிறுவனத்தில் உண்மையான வாடிக்கையாளர் ஒரு படிவத்தின் மூன்றாவது பக்கத்தில் திணறுவதை நேரில் பார்க்கலாம், சப்போர்ட் குழுவின் புகார்ப் பட்டியலோடு ஒப்பிடலாம், திருத்தி இன்னொரு ஐந்து பேரிடம் மறுபடி வைத்துப் பார்க்கலாம். (சோதனைக்கு ஐந்து பேர் போதும் என்று இந்தத் துறையில் சொல்வதுண்டு, ஆனால் அது மந்திர எண் அல்ல. வாங்குபவர், விற்பவர் என இரண்டு வகைப் பயனர்கள் இருந்தால் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக ஆள் வேண்டும்.) அணுகல்தன்மையும் (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த முடிவது) இங்கேதான் உறைக்கும். இணையதள அணுகலுக்கான டபிள்யூசிஏஜி 2.2 நெறிமுறையின் ஏஏ நிலையில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும், தொடும் இடம் பொதுவாக 24×24 பிக்சலுக்குக் குறையக் கூடாது. பிராண்டின் வெளிர் சாம்பல் அந்தக் கணக்கில் தோற்கும்போது மார்க்கெட்டிங் குழுவைச் சம்மதிக்க வைப்பது எந்த வகுப்பிலும் முழுதாகக் கற்றுத்தர முடியாத வேலை.

சிக்கலும் அதே அலுவலகத்தில்தான். சில நிறுவனங்களுக்கு யூஎக்ஸ் என்றால் திரையை அழகாக்குவது. அங்கே போனால் பயனரையே பார்க்காமல் ஐகானும் ஸ்லைடும் செய்துகொண்டிருப்பீர்கள். ஆய்வு அசைன்மென்ட் வரும்போது கையில் தரவு இருக்காது. குழுவில் ஒரே டிசைனர் நீங்கள்தான் என்பது அடுத்த ஆபத்து. வேலையைப் பார்த்து "இது ஏன் இப்படி?" என்று கேட்க ஆள் இல்லாமல் தப்பே பழக்கமாகிவிடும். நேர்காணலில் மூன்றைக் கேளுங்கள்: குழுவில் எத்தனை டிசைனர்கள், கடைசியாகப் பயனர்களோடு சோதனை நடந்தது எப்போது, என் வேலையை வாராவாரம் யார் பார்ப்பார்கள். இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் யோசியுங்கள்.

படிப்பு நேரம் சம்பளத்துடன் கூடிய வேலை நேரத்துக்குள் வர வேண்டும். வாரம் சராசரியாக 6 மணி என்பது பழைய விதி. 2025 ஆகஸ்டு முதல் சேர்பவர்களுக்கு ஒவ்வொரு தகுதிக்கும் குறைந்தபட்ச மொத்த மணி நிர்ணயம். விதி எதுவானாலும், புதிய பதிப்பின் ரிலீஸ் நெருங்கினால் முதலில் காவு போவது அந்த நேரம்தான். படிப்புக்கான நாளைக் காலண்டரில் பூட்டி வையுங்கள். பறிபோனால், நிறுவனமும் பயிற்சி தருபவரும் உட்காரும் மீளாய்வுக் கூட்டத்தில் தேதியோடு சொல்லுங்கள். ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தின் நெறிமுறை ஒப்புதலும் நிறுவனத்தின் தரவு அனுமதியும் தனித்தனியாக வேண்டியிருக்கும். ஆட்களைத் தேடிய பிறகு விண்ணப்பித்தால் கெடு தாண்டிவிடும்.

பட்டமும் இறுதி மதிப்பீடும் இணைந்தவை. அதற்கு அறிவு, திறன், நடத்தை என்று பட்டியலிட்ட ஒவ்வொன்றுக்கும் சான்று காட்ட வேண்டும். கடைசி ஆண்டில் தேடினால் பழைய கோப்புகள் சர்வரில் இருக்காது. மாதம் ஒரு முறை என்ன முடிவெடுத்தீர்கள், ஏன், பிறகு என்ன மாறியது என்று எழுதி, படத்தோடு சேமியுங்கள்.

வேலை தேடும்போது காட்டும் தொகுப்பான போர்ட்ஃபோலியோதான் பலர் கோட்டைவிடும் இடம். வேலையெல்லாம் ரகசிய ஒப்பந்தத்துக்குள் போய்விடும். பெயரையும் எண்களையும் மறைத்து எதையெல்லாம் வெளியே காட்டலாம் என்று முதல் ஆண்டிலேயே எழுத்தில் வாங்குங்கள். ஆட்குறைப்பில் வேலை போய், படிப்பு முடிய இன்னும் நிறைய இருந்தால், வேறு நிறுவனம் தேட 12 வாரம்தான் நிதி தொடரும். அப்போது காட்ட எதுவும் இல்லையென்றால் அடுத்த வேலை மட்டுமல்ல, பட்டமும் கையை விட்டுப் போகலாம்.